பாலத்தின் இந்தக் கரை

டாக்டர் மெஹர்நிஷா சூடாக டீ குடித்து வருஷக்கணக்காகிவிட்டது. தன் பற்களில் ஒரு குறையும் இல்லை என்றுதான் அவள் எல்லோரிடமும் சொல்வாள். குறையெல்லாம் ஊராருடையது. திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்தில் பாதிப் பேருடைய பல்வலி அவள் தாடை வழியாகப் போய் வந்திருக்கிறது. அதனால் டீயை ஆறவைத்து, மேலே ஆடை படிந்த பிறகு, கஷாயம் குடிக்கிற பிள்ளையைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கிவிடுவாள்.

எல்லாம் வலிப்பாலம் செய்த வேலை. பார்க்க அது ஒன்றும் பிரமாதமில்லை. இரண்டு துணிப்பட்டைகள், அவ்வளவுதான். நீலப் பட்டையை நோயாளியின் தாடையில் சுற்றினால், அவருடைய முக நரம்பு பேசுவதை அது ஒட்டுக்கேட்கும். மஞ்சள் பட்டையைச் சுற்றியவரின் தாடையில் அந்தப் பேச்சு அப்படியே ஒலிக்கும். கைக்குழந்தைகள், பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள், பிறந்ததிலிருந்தே பேசாதவர்கள் என்று வலியைச் சொல்லத் தெரியாத அத்தனை பேருக்கும் இது வாய் கொடுத்தது. திரையில் எண்ணாகக் காட்டினால் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. மென்றாலும் சிரித்தாலும் அழுதாலும் திரையில் ஒரே மாதிரிக் கோடுதான் ஓடும். ஒரு தாடையின் பாஷை இன்னொரு தாடைக்குத்தான் புரிகிறது.

ஆரம்பத்தில் மஞ்சள் பட்டையை டாக்டர்களே கட்டிக்கொண்டார்கள். போட்டி போட்டுக்கொண்டு கட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மெஹர்நிஷாவோடு படித்த ஒருவர், வீட்டில் யாரோ தட்டில் கரண்டியை உரசிய சத்தத்துக்கு ஓவென்று அழுதார் என்று செய்தி வந்தது. அதற்கப்புறம்தான் சட்டம் மாறியது. இனி ரத்த சொந்தம் யாராவதுதான் மஞ்சள் பட்டையைக் கட்ட வேண்டும். மெஹர்நிஷாவுக்கு அப்பாடா என்றிருந்தது. நிம்மதிப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஒரு வேடிக்கையும் கண்டாள். அப்பாக்கள் பட்டையைக் கட்டியதும், "எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்று மிடுக்காகச் சொல்லிக்கொண்டே மயங்கி விழுவார்கள். அம்மாக்கள் விழுவதில்லை.

அன்று காலை வந்தவர்கள் மூன்று பேர். முன்னால் கோகிலவாணி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். தைப்பதையும் வெட்டுவதையும் இயந்திரக் கைகள் செய்தாலும், துணியைத் தடவிக் குறை கண்டுபிடிக்க இன்னும் மனிதக் கைதான் வேண்டியிருந்தது. அவளுடைய வலது புருவத்தின் மேல் புதுத் தையல் ஒன்று இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளைவிட ஒரு முழம் உயரமாக மகன் தர்ஷித் வந்தான். பத்தொன்பது வயது. பேச்சு கிடையாது, யார் கண்ணையும் பார்க்கும் வழக்கமும் கிடையாது. கடைசியில் கோகிலவாணியின் அண்ணன் மோகனகிருஷ்ணன், ஒரு துணிப்பையோடு வந்தார். பையில் பையனின் சட்டைகள் இருந்தன.

"டாக்டருங்க, இவன் கடிக்கெல்லாம் மாட்டானுங்க. நீங்க பயப்படாதீங்க" என்றாள் கோகிலவாணி.

"நான் எதுக்குக்கா பயப்படறேன்? உக்காருங்க. என்ன பண்றான்?"

"இடது கன்னத்துலயே அடிச்சுக்கறானுங்க. ரெண்டு மூணு மாசமா இதே வேலை. படீர் படீர்னு அடிச்சுக்கிட்டு என்ற மூஞ்சியவே பாப்பான். ஆரயும் பாக்காத பையன், அப்ப மட்டும் பாப்பானுங்க. என்னமோ நாந்தான் தப்புப் பண்ணுன மாதிரி."

"அடிச்சுக்கறதோட உட்டானா?" அண்ணன் குறுக்கே புகுந்தார். "இவ சுவத்துல சாஞ்சு கெடக்கறப்ப டம்ளர எடுத்துட்டு வந்து மூஞ்சில இடிச்சுப்போட்டானுங்க மேடம். புருவம் கிழிஞ்சு ரத்தமா ஊத்துது. அதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ் தண்ணிய மேல ஊத்தியிருக்கான். இவ மூடி மறைச்சுட்டா. இருவத்தி நாலு மணி நேரமும் ஆளு கூடவே இருக்க முடியுங்களா? நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

"அவன் அடிக்கலீங்கண்ணா. நான் தலையத் திருப்புனன், பட்டுருச்சு."

"நீ சித்த சும்மா இரு அம்முணி."

அவர் கெட்டவரில்லை என்பது மெஹர்நிஷாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. தங்கையின் தையலைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண் கலங்கியது. தாராபுரம் போகிற வழியில் ஒரு காப்பகத்தில் இடம் பேசி வைத்திருந்தார். வாசலில் ஓட்டுநரில்லாத வண்டி நின்றுகொண்டிருந்தது. காப்பகத்துக்குப் போகிற வழியில், தர்ஷித் போகும் பகல்பள்ளி டீச்சர் சொன்னாரே என்பதற்காகத்தான் பல்லைக் காட்டிவிட்டுப் போகலாமென்று இங்கே இறங்கியிருந்தார்கள். பல்வலி தாளாமல்தான் பையன் இப்படிச் செய்கிறான் என்று தெரிந்தால் அவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். பல்லில் ஒன்றுமில்லை என்றால் வண்டி தாராபுரம் போகும். இதுதான் அண்ணன் தங்கைக்குள் ஆன பேச்சு.

வாசலிலிருந்து வண்டி தேனொழுகும் குரலில் கேட்டது: "பயணி தயாரா?"

"இருப்பா, வர்றோம்" என்று அதட்டினார் மோகனகிருஷ்ணன். இயந்திரத்தை அதட்டி என்ன பிரயோஜனம்? ஆனாலும் அதட்டினார்.

மெஹர்நிஷா பையனின் வாயைப் பார்க்க முயன்றாள். படமெடுக்கும் கருவியைக் கண்டதும் அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அம்மா சொன்னதும் ஒரே ஒரு தடவை 'ஆ' காட்டினான். இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் கறுப்பாகச் சின்னதாக ஒரு புள்ளி தெரிந்தது. ஆழமா மேலோட்டமா என்று பார்ப்பதற்குள் வாய் மூடிக்கொண்டது.

"இவன் ஜில்லுனு எதாச்சும் குடிச்சா துடிக்கிறானா?"

"ஐஸ்கிரீமு கேட்டு ஃப்ரிட்ஜத் தட்டுவானுங்க."

"சூடா?"

"ரசஞ்சோறு ஆவி பறக்கோணும் அவனுக்கு."

"படுத்தா எந்திரிச்சு உக்காந்துக்கறானா? ஒரு பக்கமாவே மெல்றானா?"

கோகிலவாணி யோசித்தாள். "அதெல்லாம் இல்லீங்க. நல்லாத்தான் சாப்புடறான், நல்லாத்தான் தூங்கறான்." சொல்லிவிட்டு, தான் சொன்ன பதில்கள் மகனுக்குப் பாதகமாகப் போகின்றன என்று உணர்ந்தவள் போல அவசரமாகச் சேர்த்தாள்: "ஆனா வலி இருக்கோணுங்க டாக்டரு. இல்லாட்டி எதுக்கு அடிச்சுக்கறான்?"

அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க மெஹர்நிஷாவுக்கு மனம் வரவில்லை. பாலத்தை எடுத்தாள்.

"இதென்ன பண்ணுமுங்க?" என்று கேட்டார் அண்ணன்.

"பல்லுக்குள்ள சதை இருக்குங்க சார், நரம்போட சேந்து. கையில அடிபட்டா கை வீங்குது. பல்லுக்குள்ள வீக்கம் வந்தா விரிஞ்சுக்க இடமே இல்ல, சுத்தியும் கல்லு மாதிரி ஓடு. அதான் விண்ணு விண்ணுனு தெறிக்கும். மொதல்ல ஜில்லுன்னா கூசும். ஜில்லு போனதும் கூச்சமும் போயிட்டா பயமில்ல. போகாம நின்னுச்சுன்னா உள்ள கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். இன்னும் முத்திருச்சுன்னா சூடு பட்டாலே உயிர் போகும், ஜில்லு வெச்சா அடங்கும். இதெல்லாம் வாயத் தொறந்து சொல்றவங்கள வெச்சுக் கண்டுபுடிக்கறது. இவன் சொல்லமாட்டானில்ல, அதனால இவங்கம்மா தாடையில கேக்கப்போறோம்."

பட்டையைக் கட்டுமுன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மெஹர்நிஷா கேட்டாள்: "உங்களுக்குப் பல்லுல ஏதாச்சும் வலி இருக்காக்கா?"

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லீங்க."

எந்த அம்மாவும் இதைத்தான் சொல்வாள். அந்தக் கேள்வியை இரண்டாம் தடவை கேட்கிற டாக்டரும் கிடையாது. மெஹர்நிஷாவும் கேட்கவில்லை.

முகத்தில் ஈ உட்கார்ந்தாலே கத்துகிற தர்ஷித், அம்மா மஞ்சள் பட்டையைக் கட்டிக்கொள்வதைக் கூர்ந்து பார்த்தான். பிறகு தானாக மோவாயை நீட்டினான். நீலப் பட்டை ஏறியது. மெஹர்நிஷா பாலத்தைத் திறந்தாள். நரம்பைத் தேடுவதற்காகப் பட்டைகள் இரண்டும் மெதுவாகச் சூடேறின.

கோகிலவாணியின் கை சடாரென்று இடது கன்னத்துக்குப் போனது.

"இருக்குங்க" என்றாள். "ஐயோ, இருக்குங்க டாக்டரு. விண்ணு விண்ணுனு... காது வரைக்கும் போவுது. நெத்திப்பொட்டுல சம்மட்டியில அடிக்கறாப்புடி. இவனுக்கும் என்னாட்டமே ஒத்தத் தலவலியா சாமி? இத வெச்சுட்டா இத்தன நாளாத் திரிஞ்சே?" அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனால் அண்ணன் பக்கம் திரும்பியபோது அந்த அழுகைக்குள்ளேயே ஒரு வெற்றி இருந்தது. "பாத்தீங்களாண்ணா? நான் சொன்னனில்ல?"

மோகனகிருஷ்ணன் துணிப்பையைக் கீழே வைத்தார்.

மெஹர்நிஷா ஐஸ் போட்ட தண்ணீரை ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவரச் சொன்னாள். எத்தனை கருவி வந்தாலும் இந்தப் பழைய சோதனைதான் அவளுக்கு நம்பிக்கை. பஞ்சை நனைத்து, அம்மாவைவிட்டு 'ஆ' காட்டச் சொல்லி, பையனின் அந்தக் கறுப்புப் புள்ளிப் பல்லில் வைத்தாள்.

"ஜில்லுனு வந்துச்சுங்க" என்றாள் கோகிலவாணி. "போயிருச்சு."

"போயிருச்சா?"

"அது போயிருச்சு. இந்த விண்ணு விண்ணு மட்டும் அதும்பாட்டுக்கு இருக்குங்க."

மெஹர்நிஷா அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஜில்லென்று வந்து சட்டென்று போனால் அது நல்ல பல். அதைக் கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் எதிரில் அந்தத் தாயின் முகம், தரையில் அந்தத் துணிப்பை, வாசலில் அந்த வண்டி. பையனுக்குப் பல்வலியாக இருக்கட்டும் என்று அவளும் ஆசைப்பட்டுவிட்டாள். பக்கத்துப் பல்லாக இருக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, மரத்துப்போகச் செய்யும் வில்லையை அம்மாவின் விரலாலேயே பையனின் ஈறில் ஒட்டவைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் கீழுதடு தொங்கியது. அவன் அதை ஆச்சரியமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"இப்ப எப்படிக்கா? வலி அடங்குச்சா?"

"இல்லீங்க. ஜாஸ்தியாத்தான் ஆவுது."

"வீக்கம் அதிகமான பல்லு சீக்கிரம் மரக்காது" என்றாள் மெஹர்நிஷா, யாரும் கேட்காமலேயே. இன்னொரு வில்லையை ஒட்டினாள். காத்திருந்தார்கள். கோகிலவாணி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தையல் போட்ட புருவம் சுருங்கிச் சுருங்கி விரிந்தது.

அப்போதுதான் தர்ஷித் எழுந்தான். நேரே மேசைக்குப் போய், ஐஸ் மிதந்த டம்ளரைக் கையில் எடுத்தான். அம்மாவை நோக்கி வந்தான்.

"புடிங்க, புடிங்க அவன!" என்று பாய்ந்தார் மோகனகிருஷ்ணன். "இப்படித்தானுங்க அன்னைக்கும்..."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று மெஹர்நிஷாவுக்கே தெரியாது. "யாரும் தொடாதீங்க!" என்று கத்தினாள். வருஷக்கணக்கில் அவள் இந்த அறையில் குரலை உயர்த்தியதில்லை. மோகனகிருஷ்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

தர்ஷித் குனிந்தான். டம்ளரை அம்மாவின் இடது கன்னத்தில், தாடை எலும்பு திரும்புகிற இடத்தில், மெல்ல ஒற்றினான். அவள் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பப் போனாள். அவன் இன்னொரு கையால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டான். தண்ணீர் கொஞ்சம் தளும்பி அவள் புடவையில் வழிந்தது.

கோகிலவாணியின் புருவம் மெல்ல விரிந்தது. நாற்காலிக் கையிலிருந்து விரல்கள் கழன்றன.

"போயிருச்சுங்க" என்றாள் மெதுவாக. "டாக்டரு, வலி போயிருச்சு."

மெஹர்நிஷா எழுந்து பாலத்தை அணைத்தாள். இரண்டு பட்டைகளையும் அவிழ்த்தாள். பிறகு தர்ஷித்தின் கையை, உடைந்துவிடுமோ என்பது போலத் தொட்டு, டம்ளரைக் கொஞ்சம் விலக்கினாள்.

"இப்பச் சொல்லுங்கக்கா. பாலம் இல்ல. அவனோட வலி எதுவும் உங்களுக்கு வராது."

சற்று நேரம் கழித்து கோகிலவாணியின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "மறுக்கா வருதுங்க" என்றாள். அவளுக்கு இன்னும் புரியவில்லை. "அதெப்படிங்க?"

"தலவலி எத்தன நாளா இருக்கு?"

"அது ஒத்தத் தலவலிங்க. கம்பெனில மிசின் சத்தம், இவன் கவல, எல்லாஞ் சேந்து... மாத்தர போட்டா கேக்கும்."

"சூடா டீ குடிச்சா?"

"அப்பத்தான் மண்டயப் பொளக்கும்."

"படுத்தா?"

"படுக்கவே முடியாதுங்க. தலவாணிய சுவத்துல சாச்சு வெச்சு உக்காந்துட்டேதான்..." அவள் நிறுத்தினாள். மகனைப் பார்த்தாள்.

மெஹர்நிஷா அவள் வாயைத் திறந்து பார்த்தாள். இடது கீழ்க் கடைவாயில், பழைய தொப்பி மாட்டிய பல் ஒன்று இருந்தது. தொப்பியின் ஓரத்துக்கடியில் அரித்துப்போயிருந்தது. படம் எடுத்ததும் மிச்சமும் தெரிந்தது. உள்ளே சதை வீங்கி, முத்தி, சாகிற நிலைக்கு வந்திருந்தது. "இந்த வலிக்கு இடம் காட்டத் தெரியாதுக்கா. காதுன்னு சொல்லும், தலைன்னு சொல்லும். அதான் உங்களுக்குப் பல்லுன்னே தெரியல. பட்டை சூடேறுனதும் இதுதான் கெளம்பியிருக்கு."

"அப்ப இவனுக்கு?" என்று கேட்டார் மோகனகிருஷ்ணன்.

"இவன் பல்லுல ஒண்ணுமில்லீங்க சார். கறை." மெஹர்நிஷா தன் தப்பையும் சேர்த்தே சொன்னாள். "நல்ல பல்ல மரக்க வெச்சு உக்கார வெச்சிருக்கேன். இவன் தன்னோட கன்னத்த அடிச்சுக் காட்டுனது, அவங்கம்மாவுக்கு எங்க வலிக்குதுன்னு. அவங்க மூஞ்சியப் பாத்து அடிச்சான்னு அவங்களேதான் சொன்னாங்க. தண்ணி கொண்டாந்தது, டம்ளரக் கொண்டாந்தது எல்லாம் மருந்து. ஜில்லு வெச்சா அடங்கும்னு எப்படியோ கண்டுபுடிச்சிருக்கான். அவங்க தலையத் திருப்பினப்ப விளிம்பு கிழிச்சிருக்கு."

கோகிலவாணி மகனின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துத் திருப்பினாள். தோலில் கயிறு அறுத்த தடம் சிவப்பாக இருந்தது. மெஹர்நிஷா அதை அப்போதுதான் பார்த்தாள்.

"கையக் கட்டிப்போட்டமே சாமி" என்றாள் கோகிலவாணி. "மருந்து கொண்டாந்த கையக் கட்டிப்போட்டமே." இந்தத் தடவை அந்த அழுகையில் வெற்றி இல்லை. தர்ஷித் கையை உருவிக்கொண்டு டம்ளரை மறுபடி அவள் கன்னத்தில் வைத்தான். அழுகையைவிட அவனுக்கு அந்தப் பல்தான் முக்கியமாக இருந்தது.

மோகனகிருஷ்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அந்தக் கயிற்றைக் கட்டியது அவர் கை.

வாசலில் வண்டி மறுபடியும் கேட்டது: "பயணி தயாரா?"

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். "ஆரும் வர்ல. நீ போ" என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது. வண்டி நன்றி சொல்லிவிட்டுப் போனது.

கோகிலவாணிக்கு வேர் சிகிச்சை செய்து முடிக்கும்வரை தர்ஷித் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான். மரத்துப்போகும் ஊசி இறங்கி அவள் தாடை முழுசாகத் தளர்ந்ததும், அவன் அவள் புருவத்தை உற்றுப் பார்த்தான். அது சுருங்கவில்லை. திருப்தியானவன் போல டம்ளரை எடுத்து, மிச்சத் தண்ணீரில் பாதியை மடமடவென்று குடித்தான். உதடு மரத்திருந்ததால் சட்டையெல்லாம் நனைந்தது. யாருடைய கண்ணையும் பார்க்காத பையன், இத்தனை நாள் அம்மாவின் புருவத்தையும் தாடையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் என்பது மெஹர்நிஷாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மேசையில் யாரோ டீ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஞாபகமில்லாமல், ஆவி பறக்க அப்படியே எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டாள். வலது தாடையில் சுரீரென்று ஏறியது. வழக்கம்தான். யாரோ ஒருவருடைய வலி, என்றோ பாலத்தில் வந்தது, போக மறந்து தங்கிவிட்டது. அப்படித்தான் இத்தனை வருஷமாகத் தனக்கு விளக்கம் சொல்லிவந்தாள். முகத்தைக் காட்டிக்கொடுக்காமல் டம்ளரைக் கீழே வைத்தாள்.

நிமிர்ந்தபோது எதிரே தர்ஷித் நின்றான்.

ஐஸ் டம்ளர் அவள் வலது கன்னத்தில் வந்து ஒட்டியது, கடைசிப் பல்லுக்கு நேராக. குளிர்ச்சி உள்ளே இறங்கியது. சுரீரென்றது அடங்கியது. இருந்த இடம் தெரியாமல் அடங்கியது.

கோகிலவாணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மரத்துப்போன வாயால் குழறிக் குழறிக் கேட்டாள்: "டாக்டருங்க, உங்களுக்கும் பல்லுல வலி இருக்குதுங்களா?"

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்றாள் மெஹர்நிஷா.

சொன்ன வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. காலையில் இதே அறையில், இதே ராகத்தில் அதைக் கேட்டிருந்தாள். மஞ்சள் பட்டை மேசையில் அணைந்து கிடந்தது. அதில் யாருடைய வலியும் இல்லை.

"ஏனுங்க டாக்டரு" என்றாள் கோகிலவாணி இரண்டாம் தடவையாக, "நெசமாவேங்களா?"

மெஹர்நிஷா நாற்காலியை நோக்கி நடந்தாள். கோகிலவாணி நகர்ந்து இடம் விட்டாள். டாக்டர் தன் நாற்காலியில் தானே ஏறிச் சாய்ந்துகொண்டு, பக்கத்து அறையில் இருந்த இன்னொரு பல் டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். அவர் வரும்வரை தர்ஷித் டம்ளரை எடுக்கவில்லை.